வேலைக்கு ஒரு மாதம், காத்திருப்புக்கு இரண்டு மாதம்

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் மெயிலையும் அதோடு அனுப்பியிருந்த சார்ட்டையும் பார்த்தேன். “தினமும் காலையில் பிளானைத் திருத்துகிறேன், சாயங்காலத்துக்குள் அது பொய்யாகிவிடுகிறது. நாளைக்கும் பொய்யாகப் போகிற ஒன்றை எதற்காகப் போட வேண்டும்? இங்கே ஃப்ளோரில் இருக்கிற அண்ணன்கள் பிளானே இல்லாமல்தான் இத்தனை வருஷம் ஷிப்மென்ட் பண்ணியிருக்கிறார்கள்” என்று கேட்டிருக்கிறாய். எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்த பிள்ளை இதைக் கேட்க வெட்கப்பட்டிருப்பாய். வெட்கப்பட ஒன்றுமில்லை. திருப்பூரில் பிளானிங் நாற்காலியில் உட்காருகிற எல்லாருக்கும் முதல் சீசனிலேயே வருகிற கேள்விதான்.

அண்ணன்கள் ஷிப்மென்ட் பண்ணினார்கள் என்பது உண்மை. எப்படிப் பண்ணினார்கள் என்பதையும் கேட்டுப் பார். ராத்திரி இரண்டு மணிக்குப் பேக்கிங், விடிவதற்குள் லாரி, அதுவும் முடியாவிட்டால் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ விமானத்தில் ஏற்றி, வந்த லாபத்தை அதன் வாடகைக்குக் கொடுத்தது. கணக்குப் புத்தகத்தில் இது ‘திட்டமில்லாத செலவு’ என்ற தலைப்பில் வராது. சரக்குக் கட்டணம், ஓவர்டைம், டிஸ்கவுன்ட் என்று மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். அதனால்தான் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை.

இனி உன் சார்ட்டுக்கு வருகிறேன். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், பேக்கிங் எல்லாவற்றுக்கும் நாள் போட்டிருக்கிறாய். சுத்தமாக இருக்கிறது. ஆனால் துணி சும்மா கிடக்கும் நாளுக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. உன் பிளான் சாயங்காலம் பொய்யாவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சாதாரண ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 30,000 டி-ஷர்ட், சிங்கிள் ஜெர்ஸி, 160 ஜி.எஸ்.எம். வெட்டில் போகும் கழிவையும் சேர்த்துக் கிலோவுக்கு ஐந்து பீஸ் என்று வைத்தால் 6 டன் துணி வேண்டும். சாயத்திலும் காம்பாக்டிங்கிலும் போகும் எடைக்குப் பத்து சதவீதம் கூட்டு, 6.6 டன் நூல். ஒரு நிட்டிங் மெஷின் ஒரு நாளைக்கு 200 கிலோ ஓட்டினால் ஆறு மெஷினுக்கு ஆறு நாள். டையிங் மூன்று நாள், காம்பாக்டிங் இரண்டு, கட்டிங் மூன்று. ஒரு லைனுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் வீதம் மூன்று லைனில் தைத்தால் பத்து நாள். செக்கிங், அயர்னிங், பேக்கிங் நான்கு. ஒன்று முடிந்து மற்றொன்று என்று வரிசையாகக் கூட்டினாலும் 28 நாள்தான். நடைமுறையில் கட்டிங் முடிவதற்கு முன்பே தையல் தொடங்கிவிடும் என்பதால் இன்னும் குறையும்.

ஆனால் பையரிடம் நீங்கள் கேட்டு வாங்கியது 90 நாள். அதுவே போதவில்லை என்கிறீர்கள். மீதி 62 நாள் எங்கே போயிற்று?

நூல் மில்லில் வரிசைக்குக் காத்திருந்தது. கலர் அப்ரூவலுக்காக மெர்ச்சண்டைசர் மெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் போடாத கிரே துணி சாயப்பட்டறை வாசலில் ரோல் ரோலாக அடுக்கிக் கிடந்தது. சாயம் போட்டு வந்த துணி, பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) அப்ரூவல் வராமல் கட்டிங் மேசைக்குப் போகவில்லை. வெட்டிய துணி, லைனில் முந்தைய ஆர்டர் முடியாததால் மூட்டையில் இருந்தது. தைத்து முடித்த பீஸ் ஹேங் டேக்குக்காகக் காத்திருந்தது. அட்டைப்பெட்டிக்குள் போன பிறகும் இன்ஸ்பெக்‌ஷன் தேதிக்காகக் காத்திருந்தது. ஒரு டி-ஷர்ட் தையல் மெஷின் ஊசிக்கடியில் இருக்கும் நேரம் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்தைச் சுற்றித்தான் வரும். அந்தப் பத்து நிமிடத்தை ஒன்பதாக்க இன்டஸ்ட்ரியல் இன்ஜினீயர் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கிறார். 62 நாளுக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. அந்த ஆள் நீதான். உன் வேலை காத்திருப்பைத் திட்டமிடுவது. மெஷின் வேலையைத் திட்டமிட மாஸ்டர்கள் இருக்கிறார்கள், உன்னைவிட நன்றாகச் செய்வார்கள்.

காத்திருப்பை எப்படி அளப்பது என்று கேட்பாய். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் ஒரு விதியை நிரூபித்தார். கல்லூரியில் ஒரு ஸ்லைடாகக் கடந்துபோயிருக்கும். வரிசையில் கிடக்கும் அளவை, ஒரு நாளில் வெளியே போகும் அளவால் வகுத்தால் சராசரியாகக் காத்திருக்கும் நாள் வரும். அவ்வளவுதான். சாயப்பட்டறைக்குப் போன் செய்து “நம்ம துணி எப்பங்க கிடைக்கும்?” என்று கேட்டால் “நாளான்னிக்கு” என்றுதான் பதில் வரும். என்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். அதற்குப் பதிலாக இரண்டு கேள்வி கேள். உள்ளே எத்தனை டன் கிரே துணி கிடக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை டன் வெளியே போகிறது? 60 டன் கிடந்து 10 டன் போகிறது என்றால் உன் துணிக்கு ஆறு நாள் ஆகும். மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முதலாளிக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் ஆறு நாள்தான். உன்னை முன்னால் விட்டால் இன்னொருவரைப் பின்னால் தள்ளுகிறார் என்று பொருள். அடுத்த வாரம் அந்த இன்னொருவர் நீயாக இருப்பாய்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் 1909-இல் தொடங்கிவைத்த வரிசைக் கணிதத்திலிருந்து வருவது. வேலை வருவதும் முடிவதும் முன்னே பின்னே ஆகும் ஓர் எளிய வரிசையில், மெஷின் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால், ஒரு லாட் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் அதன் வேலை நேரத்தைப் போல நான்கு மடங்கு. 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு. 95 சதவீதம் என்றால் பத்தொன்பது மடங்கு. நம் ஊர்ப் பட்டறைகள் இந்த எளிய மாதிரிக்குள் அப்படியே அடங்காது என்றாலும் வளைவு இப்படித்தான் மேலே ஏறும். மெஷின் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை என்று ஒரு ஜாப் ஒர்க் ஓனர் பெருமையாகச் சொன்னால் நீ பயப்பட வேண்டும். அவருக்கு அது நல்ல செய்திதான். அவர் வாசலில் கிடக்கும் துணிக்குச் சொந்தக்காரர்களுக்கு நல்ல செய்தியாக இருக்க முடியாது. உங்கள் சொந்தத் தையல் லைனுக்கும் இதே விதிதான். முதலாளியிடம் “லைனை முழுக்க நிரப்ப வேண்டாம்” என்று சொன்னால் முறைப்பார். இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. முறைப்பு போகாது, ஆனால் எண்ணைப் பார்ப்பார்.

அடுத்தது அப்ரூவல். துணியே இல்லாத இடத்தில் நாள் போவது இங்கேதான். லேப் டிப், அதாவது கலருக்கான சின்னச் சோதனைத் துண்டு, போட்டு, கூரியரில் அனுப்பி, பையர் ஆபீசில் பார்த்து, கமென்ட் வருவதற்குள் ஒரு சுற்றுக்குப் பத்து நாள் போகலாம். ‘கொஞ்சம் சிவப்பு அதிகம்’ என்று பதில் வந்தால் இன்னொரு சுற்று. ஆகவே ஒரே சுற்றில் ஏ, பி, சி என்று மூன்று ஷேட் அனுப்பச் சொல். எல்லா மெர்ச்சண்டைசருக்கும் தெரிந்த வழக்கம்தான், அவசரத்தில் ஒன்றோடு விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு கலருக்கும் அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, எத்தனையாவது சுற்றில் ஓகே ஆயிற்று என்று ஒரு ரிஜிஸ்டர் வை. நான்கு மாதம் எழுதினால் எந்தப் பையர் எத்தனை நாள் எடுக்கிறார், எந்த டையிங் முதல் சுற்றிலேயே கலரைப் பிடிக்கிறது என்று உனக்குத் தெரிந்துவிடும். பையரின் மேனுவலில் ஐந்து நாள் என்று போட்டிருக்கும். உன் ரிஜிஸ்டரில் ஒன்பது என்றிருந்தால் சார்ட்டில் ஒன்பதைப் போடு. சண்டை வந்தால் ரிஜிஸ்டரைக் காட்டு.

காலண்டரையும் பார்க்க வேண்டும். நம் தீபாவளி, பொங்கல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பையர் சொன்ன இடத்தில்தான் லேபிள் வாங்க வேண்டும், அந்தச் சப்ளையர் சீனாவில் இருக்கிறார் என்றால் சீனப் புத்தாண்டு உனக்கும் பண்டிகைதான். ஆகஸ்டில் இத்தாலிக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் விடுமுறைக்குப் போய்விடுவார்கள், மெயிலுக்குப் பதில் வராது. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை பாதி ஐரோப்பா ஆபீசில் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் ஒரு ஆர்டர் முழுவதும் தைத்து முடிந்து வாஷ் கேர் லேபிளுக்காக நின்றது. சட்டையின் விலையில் அந்த லேபிள் ஒரு பைசாக் கணக்கு. அதைத் தையலிலேயே சைடு சீமில் வைத்துத் தைக்க வேண்டும் என்பதால் லைனே நின்றது. விலை குறைந்த பொருளை யாரும் துரத்துவதில்லை. நீ துரத்த வேண்டியது அதைத்தான். டிரிம்ஸ் பட்டியலை விலை வரிசையில் வைக்காதே, வந்து சேர ஆகும் நாள் வரிசையில் வை.

தேதிகளை முன்னிருந்து போடாமல் பின்னிருந்து போடு. கல்யாணத்தில் முகூர்த்தத்தை வைத்துவிட்டுத்தானே பந்தக்கால், பத்திரிகை, ஜவுளி எல்லாவற்றுக்கும் பின்னோக்கி நாள் பார்க்கிறோம், அதே முறைதான். உனக்கு முகூர்த்தம் துறைமுகத்தின் கட்-ஆஃப், சரக்கை ஒப்படைப்பதற்கான கடைசி நேரம். தூத்துக்குடியிலிருந்து பல கண்டெய்னர்கள் சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே ஐரோப்பா போகும் பெரிய கப்பலில் ஏறுகின்றன. இந்தப் பெரிய கப்பல் சர்வீஸ்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. இதன் விளைவை யோசி. பேக்கிங் ஒரு நாள் தாமதம் என்றால் சரக்கு ஒரு நாள் தாமதமாகப் போவதில்லை, ஏழு நாள் தாமதமாகப் போகிறது. அந்த ஏழு நாள் பையரின் கடையில் விளம்பரம் போட்ட வாரத்தைத் தாண்டிவிட்டால், கப்பல் விலைக்குப் பேசிய சரக்கை விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள், செலவு நம் தலையில். தைக்கும் இடத்தில் ஒரு நாள் தாமதத்துக்கும் கட்-ஆஃப் வாசலில் ஒரு நாள் தாமதத்துக்கும் விலை ஒன்றல்ல என்பதை ஃப்ளோரில் உள்ளவர்கள் உணரமாட்டார்கள். அவர்களுக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான்.

இங்கே ஒரு தந்திரம் எல்லாரும் செய்வார்கள். நிட்டிங்காரர் ஆறு நாள் வேலைக்கு எட்டு கேட்பார், டையிங் மூன்றுக்கு ஆறு, கட்டிங் மாஸ்டர் மூன்றுக்கு ஐந்து. ஆளுக்கு இரண்டு மூன்று நாள் மடியில் முடிந்துவைத்துக்கொள்வார்கள். கூட்டினால் இரண்டு வாரமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஆனால் ஆர்டர் முடிவில் ஒரு நாள்கூட மிச்சம் இருக்காது. எட்டு நாள் கிடைத்தவர் மூன்றாம் நாள்தான் மெஷினில் நூல் ஏற்றுவார். முன்னதாக முடிந்தாலும் சொல்லமாட்டார், சொன்னால் அடுத்த ஆர்டருக்கு ஆறு நாள்தான் கொடுப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். எல்லாரிடமும் உண்மையான நாளை வாங்கி, மிச்சப்படும் நாட்களை ஒன்றாகச் சேர்த்து ஷிப்மென்டுக்கு முன்னால் ஒரே இடத்தில் வைப்பது நல்லது. இஸ்ரேலைச் சேர்ந்த கோல்ட்ராட் இதைப் பற்றி ஒரு நாவலே எழுதியிருக்கிறார். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. உண்மையான நாளைச் சொன்னவர் ஒரு நாள் பிந்தினால் அவரைத் திட்டக் கூடாது. ஒருமுறை மீட்டிங்கில் வைத்துத் திட்டிவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து எல்லாரும் மறுபடி மடியில் முடியத் தொடங்கிவிடுவார்கள். முதலாளியைத் திட்டாமல் இருக்கச் சொல்வது உன் கையில் இல்லை என்பாய். கஷ்டம்தான். அவருக்கு முன்னால் பேர் சொல்லாமல் நாள் மட்டும் சொல்லப் பழகிக்கொள்.

நூல் வாங்குவது உன் வேலை இல்லை என்றாலும் ஒரு வார்த்தை. மில்கள் மாதத் தொடக்கத்தில் விலை சொல்லும். பையரிடம் பேசிய விலையோ மூன்று மாதத்துக்கு மாறாது. 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்கு முன் விலை பேசி, நூல் புக் பண்ணாமல் இருந்தவர்கள் நிலைமையை உங்கள் பர்ச்சேஸ் மேனேஜரிடம் கேள், ஒரு மணி நேரம் பேசுவார்.

அதற்காக, பையர் சொல்லும் ஃபோர்காஸ்ட்டை நம்பி நூலை வாங்கி அடுக்கவும் கூடாது. பையர் சொல்லும் எண் கடையில் சட்டை விற்ற எண் அல்ல. கடைக்காரர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், அவர் சொன்னதற்கு மேல் வேர்ஹவுஸ் கொஞ்சம் கூட்டும், பையிங் ஆபீஸ் இன்னும் கொஞ்சம். குறையும்போதும் அப்படியே மிகையாகக் குறையும். எம்.ஐ.டி.யில் ஃபாரஸ்டர் இதை 1958-லேயே விளக்கினார். பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி தன் பாம்பர்ஸ் டயப்பர் ஆர்டர்களைப் பார்த்தபோது அதிசயப்பட்டது. குழந்தைகள் மாதாமாதம் ஒரே அளவில்தான் டயப்பரை நனைக்கின்றன, ஆனால் ஆர்டர்கள் மலையும் பள்ளமுமாக இருந்தன. ஸ்டான்ஃபோர்டில் ஹாவ் லீயும் அவருடைய சகாக்களும் 1997-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது ‘புல்விப்’ என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. நீ படித்திருப்பாய்.

திருப்பூர் அதைப் படிக்காமலே அனுபவித்தது. 2020 மார்ச்சில் வெளிநாட்டு பிராண்டுகள் ஆர்டர்களை நிறுத்தின, சில இடங்களில் தைத்து முடித்த சரக்கையே வேண்டாம் என்றன. 2021-இல் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து கூடுதலாகக் கேட்டார்கள். 2022 ஜூனில் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், கையிருப்பு அதிகமாகிவிட்டது, தள்ளுபடி கொடுக்கப் போகிறோம், சில ஆர்டர்களை ரத்து செய்யப் போகிறோம் என்று அறிவித்தது. இந்த மூன்று வருஷமும் அமெரிக்கர்கள் உடுத்துவது இவ்வளவு ஏறி இறங்கியிருக்காது.

ஆகவே பையரிடம் ஃபோர்காஸ்ட்டோடு இன்னொன்றும் கேள். போன ஸ்டைல் கடையில் வாரம் எத்தனை விற்றது? எல்லாரும் சொல்லமாட்டார்கள். சொல்கிற ஓரிருவரை விடாதே. அதைவிட நம் கையில் இருப்பது, முடிவைத் தள்ளிப்போடுவது. இத்தாலியின் பெனட்டன், ஸ்வெட்டர்களைச் சாயம் போடாமல் பின்னி வைத்துக்கொண்டு, சீசனில் எந்த நிறம் போகிறது என்று பார்த்துச் சாயம் போட்டுப் பெயர் வாங்கியது. மற்றவர்கள் நூலிலேயே சாயம் போட்டுவிட்டுக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. நம் தொழிலிலும் கிரே துணியாக இருக்கும்வரை அது யாருடைய துணியும் அல்ல. அதே நூல் கவுன்ட், அதே ஜி.எஸ்.எம். கேட்கும் இன்னொரு ஆர்டருக்குக் கொடுத்துவிடலாம். நேவி புளூ ஆனபின் அது ஒரே ஒரு பையருக்குச் சொந்தம். ஆகவே அளவு உறுதியாகத் தெரிந்ததற்குச் சாயம் போடு, தெரியாததற்குக் கிரேயில் நிறுத்து. கலரை எவ்வளவு பின்னால் முடிவு செய்யலாம் என்று ஒவ்வொரு ஆர்டரிலும் மெர்ச்சண்டைசரிடம் கேட்டுத் தொல்லைப்படுத்து.

சரி, யாருக்கும் தெரியாமல் வருவதை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். எவர் கிவன் கப்பலை உதாரணமாகச் சொல்லியிருந்தாய். 2021 மார்ச் 23-இல் 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் கிடந்ததை எந்தச் சார்ட்டும் சொல்லியிருக்காதுதான். ஆனால் ‘தெரியாமல் வந்தது’ என்று நாம் சொல்வதில் பாதி அப்படி வந்ததில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊரே இடி விழுந்ததுபோல் நின்றது. துணியை வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் லாரியில் ஏற்றினார்கள். ஆனால் நொய்யலில் சாயக் கழிவுநீர் கலப்பதைப் பற்றிய அந்த வழக்கு வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது, 2009-இல் உச்ச நீதிமன்றமும் கழிவுநீரைச் சுத்திகரிக்கக் கெடு வைத்துவிட்டது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நொய்யல் தண்ணீரை நம்பியிருந்த விவசாயிக்கு அது இடியும் இல்லை, செய்தியும் இல்லை. பேப்பர் படித்த ஒரு சிலர் முன்கூட்டியே வேறு ஊரில் சாயத்துக்கு ஏற்பாடு பண்ணிவைத்திருக்கலாம். செங்கடலும் அப்படித்தான். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதிகள் அங்கே ஒரு கப்பலைப் பிடித்தார்கள். டிசம்பரில் பெரிய கப்பல் கம்பெனிகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் பத்திலிருந்து பதினான்கு நாள் கூடியது. நவம்பர் செய்தியைப் பார்த்தவருக்குக் கையில் சில வாரம் இருந்தது.

அந்தச் சில வாரத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் சம்பவம் நம் தொழிலைச் சேர்ந்ததல்ல. 2000 மார்ச் 17-இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் பிலிப்ஸ் கம்பெனியின் சிப் தொழிற்சாலையில் மின்னலால் ஒரு சின்னத் தீ. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசு துளிகூட நுழையக் கூடாத அறைகளுக்குள் புகையும் தண்ணீரும் போய்விட்டன. நோக்கியாவும் எரிக்சனும் அங்கேதான் செல்போனுக்கான சிப் வாங்கின. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று பிலிப்ஸ் இருவருக்கும் ஒரே செய்தியைச் சொன்னது. எரிக்சன் அதை ஏற்றுக்கொண்டது. நோக்கியா அந்தச் சிப்புகளைத் தனிக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டு, தினமும் விசாரித்தது. ஒரு வாரம் என்பது நடக்காது, மாதங்கள் ஆகும் என்று தெரிந்ததும் பிலிப்ஸின் மற்ற தொழிற்சாலைகளையும் வேறு சப்ளையர்களையும் பிடித்துவிட்டது. எரிக்சன் விழித்தபோது மாற்று வழிகளை நோக்கியா முன்பே பிடித்துவிட்டிருந்தது. எரிக்சனுக்கு 40 கோடி டாலர் அளவுக்கு விற்பனை போயிற்று. அடுத்த வருஷம் அதன் செல்போன் தொழில் சோனியோடு கூட்டுச் சேர்ந்தது. போட்டியில் வேறு காரணங்களும் இருந்தன, எல்லாவற்றையும் ஒரு தீயின் மேல் போடக் கூடாது. ஆனால் இருவருக்கும் ஒரே நாளில் ஒரே செய்திதான் கிடைத்தது என்பதை மறந்துவிடாதே.

நோக்கியாவின் பிளானில் மின்னல் இருந்திருக்காது. எந்தச் சிப் இல்லாவிட்டால் எந்தப் போன் நிற்கும், வேறு யாரால் அதைச் செய்ய முடியும் என்பது அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். உன் சார்ட்டில் இதையும் சேர்த்துக்கொள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, ‘இது ஐந்து நாள் பிந்தினால் என்ன நிற்கும்?’, ‘வேறு யார்?’ என்று இரண்டு கட்டம். பெரும்பாலான வரிகளுக்கு ஒன்றும் நிற்காது, அவற்றை விட்டுவிடு. ஐந்தாறு வரிகள் மிஞ்சும். தினமும் காலையில் முழுச் சார்ட்டையும் திருத்துவதற்குப் பதில் அந்த ஐந்தாறை மட்டும் பார். உனக்கு நேரம் மிச்சமாகும்.

ஆட்களைப் பற்றி எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. ‘ஆள் போட்டு முடிச்சிரலாம்’ என்பது நம் ஊரில் எல்லாப் பிளானுக்கும் கடைசி வரி. சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்களில் எத்தனை பேர் திங்கட்கிழமை வரவில்லை என்று உங்கள் டைம் ஆபீசில் கேட்டு வாங்கு, அதுவும் ஒரு எண்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பீகார்ப் பையன்கள் சத் பூஜை முடித்துத்தான் திரும்புவார்கள். ஒடிசாக்காரர்களுக்கு அவர்கள் ஊர்ப் பண்டிகை, அறுவடை. தேர்தல் வந்தால் ரயில் நிரம்பிப் போகும். இவை எல்லாம் முன்னாலேயே தேதி தெரிந்தவை. தெரிந்த பிறகும் அந்த வாரத்துக்கு முழு உற்பத்தி போட்டு வைத்துவிட்டு ‘ஆள் வரலை’ என்று சொல்வது சரியில்லை.

இன்னொன்று. மேலே சொன்ன 62 நாளில் ஆபீஸ் தொலைத்த ஒவ்வொரு நாளையும் கடைசியில் திருப்பிக் கொடுப்பது செக்கிங் மேசையிலும் பேக்கிங்கிலும் நிற்கிற பெண்கள்தான். லேப் டிப் மெயிலுக்கு ஏ.சி. அறையில் நான்கு நாள் யாரும் பதில் போடவில்லை என்றால், அந்த நான்கு நாளை அவர்கள் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் நின்று ஈடுகட்டுகிறார்கள். சட்டம் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்கிறது. அது எல்லா இடத்திலும் கிடைக்கிறதா என்று உனக்கே தெரியும். கிடைத்தாலும், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தவளுக்கு அந்த ராத்திரி திரும்ப வராது. பிளானிங்கை நான் பணக் கணக்காக மட்டும் பார்க்காததற்கு இது ஒரு காரணம். எம்.டி.யிடம் பேசும்போது பணக் கணக்கையே பேசு, அது போதும்.

உன் சார்ட்டில் இரண்டு இடத்தைச் சிவப்பில் குறித்து மெயிலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரின்ட் ஸ்ட்ரைக்-ஆஃப் (அச்சு மாதிரி) அப்ரூவலுக்கு நீ நாளே போடவில்லை. ஹேங் டேக் ஆர்டர் கொடுக்கும் தேதி பிபி சாம்பிளுக்குப் பின்னால் இருக்கிறது, அதை ஆர்டர் உறுதியான வாரத்துக்கே கொண்டுபோ. திங்கட்கிழமை சாயப்பட்டறைக்கு நேரில் போய்விட்டு வா. போனில் கேட்காதே, வாசலில் அடுக்கியிருக்கும் ரோலைக் கண்ணால் பார்த்துவிட்டு அந்த இரண்டு கேள்வியைக் கேள். என்ன சொன்னார்கள் என்று எழுது. லேப் டிப் ரிஜிஸ்டருக்கு எக்ஸெல் வேண்டாம், ஒரு நீள நோட்டு போதும், எல்லாரும் எழுத வேண்டும் இல்லையா. அப்பாவிடம் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டு வாங்கி வை.

அன்புடன்,
பெரியப்பா